பருப்பு வேகிற தண்ணீர்

அத்தியாயம் 17

புதன்கிழமை சாயங்காலம் கந்தப்பன் குடிக்காமல் விட்டுப்போன சொம்புத் தண்ணீர், வெள்ளிக்கிழமை காலையிலும் தரணியின் சமையல் மேடையில் அப்படியே இருந்தது. கொட்டவும் மனசு வரவில்லை. வேறு யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை. நேற்று ஒரு எறும்பு அதில் விழுந்தது. அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மூடி வைத்தாள்.

நடுவில் ஒரு வாரம் கல்யாணம், காதுகுத்து என்று அலைந்து, போன அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காக: கந்தப்பன் அண்ணன், தரணி தங்கை. இந்தப் புதன்கிழமை வரை, இருவரும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா இருந்தபோதே மகளுக்கு மஞ்சள்காணியாக இரண்டு ஏக்கர் எழுதி வைத்தார். பிறந்த வீட்டுக் கிணறு அந்த இரண்டு ஏக்கருக்குள் அடங்கிப்போனது. மீதி நிலமெல்லாம் மகனுக்கு. பனியன் கம்பெனி நடத்தி வந்த கந்தப்பன், உடுத்துகிற தொழிலில் இருந்து குடியிருக்கிற தொழிலுக்கு முன்னேறி, தன் பங்கு நிலத்தில் வில்லாக்கள் கட்ட ஆரம்பித்தார். கட்டடத்துக்குத் தண்ணீர் வேண்டும். கையில் தேங்காயைப் படுக்க வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடம், தங்கையின் வேலியிலிருந்து பன்னிரண்டு அடி. போர் இறங்கியது. நூற்றுப் பத்தாவது அடியிலேயே தண்ணீர் பீச்சியடித்தது. நாற்பத்தோராவது நாள் தரணியின் கிணற்றில் தரை தெரிந்தது.

போர் போட்ட அன்றே அவள் போய்க் கேட்டாள்.

“பூமிக்கு அடியில வேலியா போட்டு வெச்சிருக்குது?” என்றார் அண்ணன், இன்ஜினீயர்களின் முன்னால்.

“அப்படீங்களா. அப்ப இனிமேல் என்ற ஊட்டுல வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போடாதீங்க.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கந்தப்பன் தன் வாழ்நாளில் அடுத்தவர் சொல்லை ஒரே தடவையில் கேட்டு நடந்தது அது ஒன்றுதான். இரண்டு ஆடி நோம்பி, இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல். சீர் மட்டும் தவறாமல் வந்தது, டிரைவர் கையில். தரணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அவரே வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பட்டுப்புடவை.

“வெள்ளிக்கெழமை மாடல் வில்லாவுக்குப் பால் காய்ச்சறோம் கண்ணு. பொறந்தவ நம்ம கெணத்துத் தண்ணி கொண்டாந்து ஊத்தாம நம்மள்ல எவனூட்டுலயும் பால் காய்ச்சினதில்ல. நீதான் வரோணும்.”

கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது அவர் ஞாபகத்தில் இல்லை போலும். தரணிக்கும் அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. சொம்பைத் தேய்த்து, கழுவி, கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் அவருக்குப் போன் வந்து, காரும் போய்விட்டது. நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முனீஸின் டேங்கர் லாரி வந்தது.

முனீஸ் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனியில் சேர வந்தவன். பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லாரி ஏறினான். இந்த ஊரில் பனியனுக்கு ஆர்டர் குறையும் மாதம் உண்டு. தண்ணீருக்கு இல்லை என்பது அவன் கண்ட அனுபவம்.

“யக்கா, தொட்டி மூடியத் தெறந்து விடுங்க. ஒங்களுக்குத்தேன் மொத லோடு.”

தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டதும் தரணி ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். எப்போதும் நிற்பதுதான். கிணற்றில் மோட்டார் போட்டால் வாய்க்காலில் முதல் தண்ணீர் விழுகிற சத்தமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏறக்குறைய. பிறகு குழாயின் வாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அரிசிம்பருப்பு சாதத்துக்கு அடுப்பில் குக்கரை ஏற்றினாள். ஒன்பது விசில். இரண்டு வருடமாக அதுதான் கணக்கு. வருகிற தண்ணீரெல்லாம் உப்பேறிய கல் தண்ணீர். ஒன்பது விசிலில் அரிசி கூழாகிவிடும். துவரம்பருப்பு மட்டும் அதற்குள் முழுசு முழுசாக விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். “இது பருப்பு சாதமில்லம்மா, மணி கோத்த மாதிரி இருக்குது” என்பாள் மகள் தேஜஸ்ரீ.

தேஜஸ்ரீ ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஒவ்வொரு டீ-ஷர்ட்டுக்கும் தங்கள் கம்பெனி எத்தனை லிட்டர் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்று வெளிநாட்டுக்காரர்களுக்குத் தினம் மெயில் எழுதுவது அவள் வேலை. எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அரை வாளியில் குளிப்பாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கந்தாஸ் அக்வா வேலி. அதுதான் வில்லாக்களுக்குப் பெயர்; இந்த வேலி இங்கிலீஷ் வேலி, பள்ளத்தாக்கு என்று அர்த்தம். ஊரில் ஏரி கிடையாது, அருவி கிடையாது, ஆறு பதினோரு கிலோமீட்டர். ஆனால் விளம்பரப் பலகையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கணுக்கால் வரை தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

புதிதாகக் கான்கிரீட் போட்ட மாடிகளில் சிமெண்டால் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கான்கிரீட் காயாமல் இறுக வேண்டுமாம், இரண்டு வாரம் அப்படியே நிற்க வேண்டுமாம். வரிசையாக ஒன்பது மாடி. பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவது இப்போது ஊரில் மாடிகளில் மட்டும்தான் நடக்கிறது. காக்கைகள் இறங்கிக் குளித்தன. வெயிலில் அந்தத் தண்ணீர் மினுங்குவதைத் தரணி தினமும் பார்ப்பாள். கோபமாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். போகப்போக, புகுந்த வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளையை எட்டிப் பார்ப்பது போல் ஆகிவிட்டது.

புருஷன் சென்னியப்பன் தோப்பைச் சுற்றிவிட்டு வந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் தென்னை மரத்தைப் பற்றியதாக இருக்கும்.

“முப்பத்தொண்ணு.”

“நேத்து முப்பத்திரண்டுன்னீங்க.”

“நேத்து முப்பத்திரண்டு. மேற்கு மூலையில ஒண்ணு கொண்டை சாஞ்சிருச்சு.” துண்டை உதறித் தோளில் போட்டார். “நாலு ரிக் வண்டி வந்து நிக்குது, பாத்தியா? மாலையெல்லாம் போட்டு, மாப்பிள்ளைக் கணக்கா. பால் பொங்குனதும் ரெண்டாவது பேஸு வில்லாவுக்கு போர் போடப் போறாங்களாம். நாலும் நம்ம வேலியோரமாத்தான்.”

“தெரியுமுங்க.”

“ஆயிரம் அடியாம்.”

“தெரியுமுங்க.”

“நீ குடத்தைத் தூக்கினா உங்கண்ணன் வந்துருவாரு. அவரு பொறத்தாலயே அந்த நாலு வண்டியும் வந்துரும்.” துண்டைச் சரிசெய்தபடி சேர்த்துக்கொண்டார். “போகாதேன்னு சொல்லல. நீ ரெண்டு வருசமா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தது எனக்குந் தெரியும்.”

அண்ணன் வேண்டும், ஊற்றும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பேராசை என்பார்கள். அவளுக்கு அது என்ன பேராசை என்று புரியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தவைதானே.

முதல் விசில் வந்தபோது வாசலில் கார் நின்றது. அண்ணனின் டிரைவர். இறங்கியவை: இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒரு வெள்ளிக்குடம். குடத்தின் அடியில் விழா நடத்துகிற கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: பொருள் எண் 14.

“சேர்மன் சார் போன் பண்ணுவாருங்க” என்று சொல்லிவிட்டு டிரைவர் காருக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது விசில். மூன்றாவது. போன் அடித்தது. அண்ணன் பெயரைத் திரையில் பார்த்ததும் தரணி அடுப்பை அணைத்துவிட்டாள். குக்கர் சத்தத்தில் அவர் பேச்சு ஒரு சொல் விட்டுப்போனாலும் நஷ்டம்.

“தரணி, கேனு வந்துச்சா?”

“வந்துச்சுங்கண்ணா. எதுக்குங்க?”

“அட, கெணத்துல தண்ணி இல்லைன்னு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேன் தண்ணிய வெள்ளிக்கொடத்துல ஊத்தி, மேல மாவிலை வெச்சுக் கொண்டாந்துரு. ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் என்ன தெரியப் போகுது. நம்ம கெணத்துத் தண்ணின்னு சொல்லிக்கலாம்.”

“பொய்யுங்களா?”

“பொய்யில்ல கண்ணு, ஏற்பாடு. ஒம்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள. பத்தரைக்கு ராகு காலம். வந்துரு.”

வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனாலும் கண்ணு என்று சொன்னார். அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

தேஜஸ்ரீ கேனைச் சுற்றி வந்து லேபிளைப் படித்தாள். அவள் இன்று அரை நாள் லீவு.

“மாமாவோட போட்டோ போட்டிருக்குதும்மா. இன்னைக்கு விழாவுக்குன்னே அடிச்ச லேபிள். ‘நீரின்றி வாழ்வில்லை, எங்களிடம் வாருங்கள்.’”

“சும்மா இரு.”

“வற்றாத கெணறுன்னு அழைப்பிதழ்ல போட்டிருக்குது. நம்ம கெணத்துல போன வாரம் நாய்க்குட்டி வெளையாடிட்டிருந்துச்சு.”

“சும்மா இருடின்னு சொன்னேனில்ல.”

தரணி மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். மூன்று விசில்தான் ஆகியிருந்தது. இன்னும் ஆறு பாக்கி. தண்ணீர் போதுமா என்று பார்க்கலாம் என ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்தாள்.

கரண்டியை விட்டாள். நின்றாள்.

பருப்பு இல்லை. அதாவது, தனியாக இல்லை. வெந்து, கரைந்து, சோற்றோடு சோறாக மஞ்சளாகக் கிடந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். வெண்ணெய்.

குடத்திலிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டாள். நாக்கின் அடியில் லேசாக ஒரு இனிப்பு, விழுங்கியபின் இளநீரின் கடைசி வாய் மாதிரி ஒன்று. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் விசேஷ நாளில் பருப்பு வேகவைக்கவென்று குடம் தூக்கிக்கொண்டு அவள் கிணற்றடிக்கு வந்தது இந்தத் தண்ணீருக்காகத்தான்.

வெளியே முனீஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“முனீஸு, இந்தத் தண்ணி எங்கிருந்துப்பா?”

“எப்பயும் போலத்தேன்க்கா.”

“எப்பவும் போல இல்ல. எப்பவும் எனக்குப் பருப்பு வேகாது. இன்னைக்கு மூணே விசில்ல வெந்திருக்குது.”

முனீஸ் குழாயைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், காருக்குள் தூங்குகிற டிரைவரைப் பார்த்தான்.

“சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காய்ங்கக்கா. நான் வழக்கமாப் பிடிக்கிற போரு புதன்கெழமை வத்திப் புகைஞ்சு போச்சு. இந்தா, இந்த சைட்டு இன்ஜினீயரு, விழாவுக்கு நாலு நா வேலை இல்ல, போரு சும்மாத்தேன் ஓடுது, எடுத்துக்கங்கன்னாரு. சேர்மனுக்குத் தெரியாது.” வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையைத் தாடையால் காட்டினான். “அந்தப் போருதேன்.”

வேலியிலிருந்து பன்னிரண்டு அடி. லாரி அங்கே நிரப்பி, மெயின் ரோட்டுக்குப் போய், மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி, பெட்ரோல் பங்க் வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்றி இங்கே வந்திருக்கிறது. புகுந்த வீட்டிலிருந்து ஒரு நாள் விருந்துக்கு வந்த மகள் மாதிரி.

“யக்கா, ஏன் அழுகுறீக? நல்ல தண்ணிதேன்க்கா அது.”

“தெரியும்ப்பா” என்றாள் தரணி.

அவள் உள்ளே போனாள். புதன்கிழமைச் சொம்பை எடுத்தாள். அதிலிருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். சொம்பைப் புளி போட்டு விளக்கிப் பைக்குள் வைத்தாள். வெள்ளிக்குடத்தில் டேங்கர் தண்ணீரை வழிய வழிய நிரப்பி மேலே மாவிலை செருகினாள்.

சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கேனு?”

“மேற்கு மூலை மரத்துக்கு ஊத்திருங்க.”

“போன மரமாச்சே.”

“பரவாயில்லீங்க. மாமன் ஊட்டுச் சீரு, கடைசியா ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்.”

தேஜஸ்ரீ அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “மேடையில எதாச்சும் சொல்லப் போறியாம்மா?”

“நான் கொடம் எடுக்கப் போறேன். அவ்வளவுதான்.”

கந்தாஸ் அக்வா வேலியின் நுழைவாயிலில் ஒரு நீரூற்று இருபது அடிக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மழைநீர் சேகரிப்பு என்று பலகை. பலகை மிக அழகாக இருந்தது. சேகரிக்கிற குழி எங்கே என்று யாரும் கேட்காததால் யாரும் தோண்டவில்லை. உள்ளே ஏரி. சிமெண்ட் தொட்டிக்கு அடியில் நீலப் பெயிண்ட் அடித்து, நடுவில் ஒரு படகையும் விட்டிருந்தார்கள். படகு நகர்ந்தால் தரை தட்டும் என்பதால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

மேடையில் கந்தப்பனுக்கு முதலில் ஒரு பட்டம் வழங்கப்பட்டது. நீர்க்காவலர். வழங்கிய சங்கத்தின் அலுவலகம் அவருடைய கம்பெனிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது, வாடகை வாங்குவதில்லை. தலைமை தாங்கியவர் நீரைப் பற்றி முப்பது நிமிடம் பேசினார். பேச்சின் நடுவே நான்கு தடவை பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தார். பந்தலுக்குப் பின்னால் நான்கு ரிக் வண்டிகளும் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பொறுமையாக நின்றன.

தரணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று அண்ணனைப் பார்த்தாள். இளைத்திருந்தார். காதோரம் மை பூசியது சரியாகப் பிடிக்கவில்லை. பட்டுச் சட்டைக்குள் பனியன் தெரிந்தது. கழுத்துப் பட்டை நைந்த பழைய பனியன். அண்ணி எடுத்து வைக்காத நாட்களில் அவர் இப்படித்தான் கையில் கிடைத்ததை மாட்டிக்கொள்வார். கட்டிங் டேபிளில் ஹெல்ப்பராக இருந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சைக்கிளைச் சாத்துவதற்கு முன்பே, “தரணி, சொம்பு” என்பார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பார். அந்த இரண்டாவது சொம்புக்காக அவள் வாசலிலேயே நிற்பாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் ஏங்கியது சீருக்கு இல்லை, அந்த இன்னொன்றுக்கு.

மைக்கைப் பிடித்திருந்த பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். எதற்கும் அசராத உற்சாகத்துக்குத் தனியாகச் சம்பளம் வாங்குகிறவள்.

“இப்போ நம்ம சேர்மன் சாரோட ஒரே தங்கச்சி, அவங்களோட பூர்வீகக் கிணத்துல இருந்து, தலைமுறை தலைமுறையா வற்றாத அந்தக் கிணத்துல இருந்து, நன்னீர் கொண்டு வந்திருக்காங்க. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க.”

தட்டினார்கள். நாதஸ்வரம் கிளம்பியது. தரணி குடத்தைத் தலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். குடத்து நீர் தளும்பி நெற்றியில் வழிந்தது. துடைக்கவில்லை. மாடல் வில்லாவின் வாசலில் அண்ணன் நின்றார். கண்ணால், சீக்கிரம், என்றார்.

அப்போதுதான் மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது.

“மேடம், இந்தத் தண்ணியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

தரணி அண்ணனைப் பார்த்தாள்.

“இது எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிதானுங்க.”

கை தட்டல். கந்தப்பன் மூச்சு விட்டார்.

“பொய்யெல்லாம் இல்லீங்க” என்றாள் தரணி, அவசரமாக, யாரோ சந்தேகப்பட்டது போல. “கெணத்துல இருந்து அண்ணனோட போருக்கு வந்துச்சுங்க. போருல இருந்து டேங்கர் லாரியில ஏறி எங்க ஊட்டுக்கு வந்துச்சுங்க. காலைல பருப்பு வெந்துச்சு, அதுலதான் கண்டுபுடிச்சேன். திரும்பக் கொண்டாந்திருக்கேன்.”

பந்தலில் மின்விசிறிகள் மட்டும் சுற்றின. மைக் பெண் அரை விநாடி தடுமாறி, பழக்கத்தில் நிமிர்ந்தாள்.

“வாவ். என்ன ஒரு அழகான பயணம்.”

கடைசி வரிசையில் ஒருவர் கை தட்டினார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் சைட் இன்ஜினீயர் தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

ஐயர் விவரமானவர். நேரம் போகிறது என்றார். குடத்தை வாங்கி, ஒரு கை தண்ணீரைப் பால் பானையில் விட்டார். எல்லோரும் பாலைப் பார்த்தார்கள். கந்தப்பனின் முகத்தைப் பார்ப்பதை விட அது சுலபமாக இருந்தது. பால் நன்றாகவே பொங்கியது, கிழக்குப் பக்கமாக. குலவை போட்டார்கள். பாலுக்கு அரசியல் தெரியாது.

அந்தச் சத்தத்துக்குள் கந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தார்.

“இதுக்குத்தான் வந்தியா? நாலு பேரு முன்னால என்னைய இப்படி நிறுத்தோணும்னுதான் வந்தியா?”

“இல்லீங்கண்ணா.” தரணி பையிலிருந்து சொம்பை எடுத்தாள். குடத்தில் முக்கி எடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். “இதுக்குத்தான் வந்தேன். புதன்கெழமை நான் கொண்டாரதுக்குள்ள போயிட்டீங்க.”

அவர் சொம்பைப் பார்த்தார். வாங்கவில்லை.

“நீதான குடிக்காதீங்கன்ன.”

“என்ற ஊட்டுல குடிக்காதீங்கன்னு சொன்னேன். இது உங்க ஊடு.” சொம்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். “அன்னைக்குச் சொன்னத நானே திருப்பி எடுத்துக்கறனுங்க. குடிங்கண்ணா. ஊடு வேணா உங்குளுது, எங்குளுதுன்னு இருக்கட்டும். தண்ணி நம்முளுது.”

ஒறம்பரை அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை நீட்டிய தண்ணீரை வாங்காத அண்ணனுக்கு எந்தச் சங்கம் என்ன பட்டம் கொடுத்தாலும் இந்த ஊரில் அது நிற்காது. கந்தப்பன் சொம்பை வாங்கினார். பேருக்கு ஒரு வாய் என்றுதான் அண்ணாந்து ஊற்றினார்.

ஒரு வாய் இறங்கியது. தொண்டை நின்றது. பிறகு மறுபடி அசைந்தது, மறுபடி, மறுபடி. பாதிச் சொம்பில் நிறுத்தி, வாயைத் துடைக்காமல் நின்றார். பட்டுச் சட்டையில் தண்ணீர் ஒழுகி, உள்ளே நைந்த பனியனில் ஊறியது. இரண்டு வருடமாக அவர் குடித்தது கேன் தண்ணீர். அவருடைய போர்த் தண்ணீரை அவர் வீட்டில் யாரும் குடித்ததில்லை. அது சிமெண்ட் குடிக்கிற தண்ணீர்.

பிறகு தங்கைக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“பருப்பு வெந்துச்சா?”

“மூணே விசில்ல, கரைஞ்சு போச்சுங்கண்ணா.”

“நெய் போட்டியா?”

“இன்னும் யாரும் சாப்புடல. வந்தீங்கன்னா போடறேன்.”

அவர் என்னமோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் ரிக் வண்டிகளின் மேஸ்திரி பந்தலை விலக்கிக்கொண்டு வந்தான்.

“சேர்மன் சார், மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலமுங்க. நீங்க வந்து தண்ணி தெளிச்சுட்டீங்கன்னா நாலு வண்டியும் ஒரே நேரத்துல இறக்கிரலாம்.”

கந்தப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் முப்பத்தொரு தென்னை மரங்கள் தெரிந்தன. அதை ஒட்டி ஒரு கிணற்றின் கைப்பிடிச் சுவர். அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் உள்ளே எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொம்பக் குடுங்கண்ணா” என்றாள் தரணி. “இன்னொண்ணு மொண்டு தர்றேன்.”

அவர் கொடுக்கவில்லை. பாதித் தண்ணீரோடு அந்தச் சொம்பைக் கையில் பிடித்தபடியே, ரிக் வண்டிகள் நின்ற பக்கம் நடந்தார். மேஸ்திரி முன்னால் ஓடினான். நாதஸ்வரக்காரர் எந்த நேரமும் ஊதலாம் என்று உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மைக் பெண் பின்தொடர்ந்தாள்.

ரிக்கின் இரும்புப் பல்லில் தெளிக்கப் போகிறாரா, இல்லை அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் திரும்பிக் கொண்டுவரப் போகிறாரா என்று அவர் முதுகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. தரணியாலும் முடியவில்லை. சொம்பைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் போய்க்கொண்டிருந்தது.